ஒன்பதாம் எண்ணுக்குப் போட்ட பெயர்

அந்த வருஷம் ஃபிஜியைவிட்டுப் போனவர்கள்கூடத் தொலைக்காட்சியில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மே மாதத்தில் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சத்துப் பிரதமரையும் மந்திரிகளையும் பிடித்து வைத்த நாளிலிருந்து, வெளியே போக வழி இருந்த இந்தியன் எல்லாம் பெட்டியைக் கட்டினான். கரும்பு வெட்டுகிறவனும் போனான், வாத்தியாரும் போனார், கால்பந்து ஆடுகிறவனும் போனான். ஊரடங்கு தளர்ந்து ஆட்டங்கள் மறுபடி தொடங்கியபோது எந்த மாவட்ட அணியைப் பார்த்தாலும் பாதி முகம் புதிது. ஆனால் ஒளிபரப்பு வண்டிக்குள் இருந்த எழுத்து மெஷினில் போன வருஷத்துப் பெயர்களே கிடந்தன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் பக்கம் பக்கமாகத் திறந்து, போனவன் பெயரை அழித்துவிட்டு வந்தவன் பெயரை அடிக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றிரண்டு விட்டுப்போகும். அப்போது சிட்னியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிற கோல்கீப்பர் லௌடோகாவில் பந்தைத் தாவிப் பிடிப்பான். மருந்துக் கடையிலும் பஸ் நிலையத்திலும் சனங்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "எவனும் எங்கயும் போகலப்பா. சாயங்காலம் டிவியப் போடு, எல்லாப் பயலும் வந்துருவான்."

அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் மேரியன். சுவாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் வேலை. ஸ்கோர், நேரம், ஆட்டக்காரன் பெயர், மஞ்சள் அட்டை, மாற்று ஆள் என்று திரையில் எழுத்தாக வருவது எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வரும். ஆட்டம் இல்லாத நாட்களில் மாலைச் செய்திக்கும் அவளே எழுத்துப் போடுவாள்.

பெயருக்குக் கீழே ஊரைப் போடுவது அவள் கொண்டுவந்த வழக்கம். வெளிநாட்டு ஒளிபரப்பில் ஆட்டக்காரன் பெயருக்குக் கீழே அவன் வயதைப் போடுவார்கள், எத்தனை கோல் என்று போடுவார்கள். இங்கே ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். சனங்களுக்கு வேண்டியது அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது. அதனால் பெரிய எழுத்தில் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் ஊர். முதல் தடவை புலிலேகா என்று திரையில் வந்தபோது அந்தக் கரும்புக்காட்டுச் சனமே வாசலுக்கு ஓடிவந்து தகரத்தைத் தட்டியதாம். பலர் ஃபோன் செய்து, எங்கள் ஊர் எப்போது வரும் என்று கேட்டார்கள். டைரக்டர் லியனார்ட் யாரையும் லேசில் புகழ்கிற ஆள் இல்லை. அவரே ஒருநாள் சொன்னார்: "கேமராவ விட ஒன் ரெண்டாவது வரியத்தான், மேரியன், சனம் பாக்குது."

அந்த இரண்டு வரியிலும் வரக்கூடாத ஓர் ஆள் அந்த வருஷம் அவள் வீட்டிலேயே இருந்தான். அவள் தம்பி வெஸ்லி.

நௌசோரிக்கு மேலே, ஆற்றோரமாக, அப்பா விட்டுப்போன குத்தகை நிலத்தில் வெஸ்லி டலோக் கிழங்கும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தான். ஜூன் மாதத்தில் ஒரு கும்பல் வந்து பக்கத்து வீட்டு மாடுகளை ஓட்டிப் போனது. தடுத்த கிழவரை அடித்தது. வீட்டுக்குத் தீ வைத்தது. வெஸ்லி புதரில் ஒளிந்திருந்து பார்த்தான். அவர்களில் இரண்டு பேர் அவனோடு ஒரே திடலில் பந்து உதைத்தவர்கள். போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பெயரைச் சொன்னான்; அங்கே யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவன் சொன்னது மறுநாளே அந்த இரண்டு பேர் காதுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் அவன் வீடும் எரிந்தது. பக்கத்துக் கொரோவில், ஃபிஜியர் கிராமத்தில், ஒரு குடும்பம் அவனைப் பாய்க்கட்டுகளுக்கு நடுவில் ஒளித்துவைத்து, விடியும் முன் படகில் ஏற்றிக் கீழே அனுப்பியது. அன்றிலிருந்து சுவாவில் அக்காளின் இரண்டு அறை ஃப்ளாட்டில் இருந்தான். அந்த இரண்டு பேர் யாரென்று அவளிடம்கூடச் சொல்லவில்லை.

"ஒனக்குத் தெரிஞ்சா ஒன்னையும் தேடுவானுங்க. விடு" என்பான்.

அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது நிச்சயம். சந்தைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள்: பேர் கொடுத்தவன் எங்கே இருக்கிறான் என்று விசாரிக்கிறார்களாம்.

வெளியேறுவதற்கு அவனுக்கு இருந்த ஒரே வழி அவன் கால். ஆக்லாந்தில் ஒரு சின்ன கிளப், இங்கிருந்து போனவர்கள் நடத்துவது, நல்ல ஃபார்வர்ட் ஒருவன் வேண்டும் என்றது. விசாவுக்கு அவர்கள் எழுதித் தருவார்கள். ஆனால் நிஜமான மாவட்ட ஆட்டம் ஒன்றின் டேப் வேண்டும். அதில் அவன் பெயர் திரையில் தெரிய வேண்டும். கிளப்காரர் ஃபோனில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்: "போன வருஷம் ஒருத்தன் வேற பையன் ஆடுன டேப்ப அனுப்பி எங்கள ஏமாத்திட்டான். வந்து எறங்குனவனுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியல. பேரு இல்லாத டேப்ப நாங்க பாக்கறதே இல்ல."

ரேவா அணியில் ஒன்பதாம் எண் காலியாக இருந்தது. அதில் ஆடிய வினய் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். மானேஜர் வெஸ்லியை முன்பே அறிவார். கேட்டதும் சரி என்றார்.

"ஆடாத. டிவியில மூஞ்சி தெரியும்" என்றாள் மேரியன்.

"தூரத்துலதானே காட்றீங்க. எறும்பு மாதிரி இருப்பேன். பேரு மட்டும் வராம பாத்துக்க."

"பேரு வராம டேப் எதுக்கு?"

"அதத்தான் நீ யோசிக்கணும். நீதானே மெஷின்காரி."

யோசித்தாள். வண்டியில் இரண்டு டேப் ஓடும். ஒன்றில் வீட்டுக்கு வீடு போகிற படம், எழுத்தோடு. மற்றதில் வெறும் படம். பின்னால் வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவதற்காக எழுத்தும் வர்ணனையும் இல்லாமல். ஒளிபரப்பில் வெஸ்லியின் பெயரைக் காட்டக்கூடாது. பிறகு வெறும் டேப்பை எடுத்து, எடிட்டிங் அறையில் அவன் பெயரைப் பதித்து, ஆக்லாந்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஒளிபரப்பில் ஒன்பதாம் எண்ணுக்கு என்ன போடுவது? எதுவும் போட வேண்டாம். பழைய பக்கத்தை அழிக்காமல் விட்டாலே போதும். போனவன் பெயர் வருவது அந்த வருஷம் ஊரே சிரித்துப் பழகிய தப்பு. இன்னொரு தப்பு என்று போய்விடும். வினய் கடலுக்கு அந்தப்பக்கம் பத்திரமாக இருக்கிறான். அவன் பெயரைப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். பெயரைப் பற்றியே யோசித்தாள். அந்தப் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது என்பது, அந்த வழக்கத்தைக் கொண்டுவந்த அவளுக்கே, அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சனிக்கிழமை ஆட்டம். எதிரே லபாசா. மானேஜர் கையால் எழுதிய பட்டியலைக் கொண்டுவந்து வண்டிக்குள் நீட்டினார். ஒன்பதுக்கு நேரே வெஸ்லி என்று இருந்தது. மேரியன் மற்றப் பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்தாள். ஒன்பதாம் பக்கம் வந்ததும் தொடாமல் அடுத்ததற்குப் போனாள். வர்ணனையாளருக்கும் அவள் அச்செடுத்துக் கொடுத்த தாள்தான். அவர் அதையே படித்தார். அணி வரிசை திரையில் வந்தபோது லியனார்ட் பல்லைக் கடித்தார்.

"வினய் போயி ஆறு மாசம் ஆச்சு. மறுபடியும் ஆட வச்சிட்டியா?"

"விட்டுப்போச்சு அண்ணே. இப்ப மாத்துனா வர்ணனைக்காரரு கொழம்புவாரு."

"சரி விடு. டிக்கெட் செலவு இல்லாம வந்துட்டுப் போகட்டும்."

வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். மேரியனும் சிரித்தாள்.

முதல் பாதி முடிகிற சமயத்தில் வெஸ்லி கோல் போட்டான். இடது பக்கம் ஒருவனை ஏமாற்றி, உள்ளே வெட்டி, தரையோடு தரையாக ஒரு உதை. வண்டி முழுக்கச் சத்தம். "இரண்டாவது கேமரா, மூஞ்சிக்குப் போ! போ!" என்று லியனார்ட் கத்தினார். கேமராக்காரன் போனான். வியர்வையும் சிரிப்புமாக வெஸ்லியின் முகம் திரை நிறைய வந்து நின்றது. அவன் எறும்பு இல்லை. சின்ன வயதில் நெற்றியில் பட்ட தழும்புகூடத் தெரிந்தது.

"பேரு! மேரியன், பேரு எங்க?"

கையை எடுத்துவிட்டு மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அது பிறகு அவளுக்குப் பல தடவை தோன்றியது. ஆனால் எத்தனையோ ஆட்டங்களாக அந்தக் குரலுக்கு அந்த விரல் பழகியிருந்தது. அழுத்தினாள்.

வெஸ்லியின் கழுத்துக்குக் கீழே நீலப் பட்டை விரிந்தது. வினய். அதன் கீழே சின்ன எழுத்தில், நகாசி.

இரண்டாம் பாதியில் அவன் இன்னொரு கோல் போட்டான். மறுபடியும் முகம், மறுபடியும் பட்டை. ரேவா ஜெயித்தது. வீட்டுக்கு வந்த வெஸ்லி அக்காளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்து மாதக்கணக்கு ஆகியிருந்தது.

திங்கட்கிழமை நிலையத்துக்கு ஃபோன் வந்தது. பிரிஸ்பேனிலிருந்து வினய்.

"மேரியன் அக்கா, நான் எத்தன கோல் அடிச்சேன்?"

"ரெண்டு" என்றாள் அவள். குரலை வைத்தே கேலி என்று தெரிந்தது.

"இங்க கோழி கம்பெனியில நாள் பூரா நின்னு, காலு வீங்கிக் கெடக்கு. அங்க ரெண்டு கோலா! பரவால்லயே நான்." சிரித்தான். "அம்மா ஃபோன் போட்டுச்சு. அப்பா ரோட்டுல சம்பந்தி மாதிரி நடக்குறாராம். கடைக்காரன் கை குடுத்தானாம். பஸ்ஸுல டிரைவரு காசு வாங்கலியாம்."

"நீ அங்க இருக்கறது அப்பாவுக்குத் தெரியுமே வினய்."

"தெரியாம என்ன? நான் அனுப்புற காசுலதானே கூரை மாத்துனாரு. ஆனா மூஞ்சியப் பாக்காம பேரையும் ஊரையும் மட்டும் பாத்துட்டு நாலு பேரு வந்து, ஒம் பையன் அப்படி ஆடுனான் இப்படி ஆடுனான்னா, இல்லப்பா அது டிவிக்காரன் தப்புன்னா சொல்வாரு? நல்லா சிரிச்சிட்டு வாங்கிக்கறாரு. அடுத்த வாரமும் அப்படியே விட்டு வை அக்கா. இன்னொன்னு போடறேன்."

ஃபோனை வைத்த பிறகுதான் அந்த இரண்டாவது வரி அவளுக்கு உறைத்தது. நகாசியில் அவன் அப்பா மகேந்திராவும் அம்மா கோவிந்தம்மாவும் இருக்கிறார்கள். அவனைத் தேடுகிறவர்களுக்கு, வெஸ்லியின் முகத்துக்குக் கீழே, அவர்கள் வீட்டு விலாசத்தை அவளே எழுதிக் காட்டியிருக்கிறாள். ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தாள். என்ன சொல்வது? தம்பி ஒளிந்திருக்கிறான் என்று சொன்னால் அது நாலு வீட்டுக்குப் போகும். அந்த வாரம் செய்தியில் ஆள் பற்றாக்குறை வேறு. சனிக்கிழமை போகலாம், நிதானமாகப் பேசலாம் என்று தள்ளிவைத்தாள்.

புதன்கிழமை மாலைச் செய்திக்கு எழுத்துப் போட உட்கார்ந்திருந்தாள். செய்தி ஆசிரியர் சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மந்திரி பெயர் ஒன்று. சர்க்கரை ஆலை அதிகாரி பெயர் ஒன்று. மூன்றாவது சீட்டில் மகேந்திரா என்றும், கீழே நகாசி என்றும் இருந்தது.

"இவரு எதுக்கு?" என்று கேட்டாள்.

"வீடு புகுந்து அடிச்சிருக்கானுங்க. ஆஸ்பத்திரியில போயிட்டாரு. பழைய பஸ் டிரைவராம். பாவம். ஃபோட்டோவுக்குக் கீழ போடு."

பெயர் ஒரு வரி, ஊர் ஒரு வரி. அவள் அடித்தாள். செய்தியில் அந்த நரைத்த தலை வந்தபோது அழுத்தவும் செய்தாள். அதன் பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள்.

தகனம் முடிந்த மறுநாள் நகாசிக்குப் போனாள். வீட்டுக்கு முன்னால் மூங்கில் நட்டுத் தகரம் போட்ட பந்தல். ஆண்கள் பாயில் உட்கார்ந்து, யாக்கோனா என்ற வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைச் சுற்றிப் பேச்சில்லாமல் இருந்தார்கள். பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த வினய் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றான். அவளைப் பார்த்து வணக்கம் சொல்லி உள்ளே அனுப்பினான். கேலிக் குரல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

கோவிந்தம்மா பெண்களுக்கு நடுவில் சுவரில் சாய்ந்திருந்தார். அந்த வட்டாரத்தில் வீட்டுக்குள் எல்லாரும் ஹிந்திதான் பேசுவார்கள். கோவிந்தம்மா மட்டும் பழைய தமிழை விடாதவர். மேரியனுக்கு மெத்தடிஸ்ட் கோயிலில் படித்த தமிழ் இருந்தது. டிவியில் வேலை செய்கிற பெண் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நீதானா கண்ணு எம் புள்ள பேரப் போட்டது? அந்த ரெண்டு நாளும் அவரு சிரிச்ச மாதிரி நான் பாத்ததில்ல. எனக்கு அந்த டேப் ஒண்ணு வேணும்மா. அவரு பாத்துச் சிரிச்சது."

கோவிந்தம்மா தானாகவே சொல்லிக்கொண்டு போனார்.

"நாலு பேரு வந்தானுங்க. கடையில போயி, பந்தாடுற வினய் வீடு எதுன்னு கேட்டிருக்கானுங்க. கடைக்காரன் பெருமையா வெளிய வந்து கைய நீட்டிக் காமிச்சிருக்கான். அவனும் இப்ப அழுதுகிட்டு கெடக்கான். இவரு கேட்டத் தொறந்தாரு, சிரிச்சிக்கிட்டே. புள்ளைய விசாரிக்க வந்தவங்கன்னு நெனச்சாரு. டீ போடுடின்னு எங்கிட்ட சொன்னாரு. எங்கடா ஒளிச்சு வச்சிருக்கன்னு கேட்டானுங்க. எம் புள்ள பிரிஸ்பேன்ல இருக்கான்னாரு. டிவியில பாத்தோம், டிவி பொய்யா சொல்லும்னு கேட்டானுங்க. அலமாரி, கட்டிலடி, எல்லாம் தேடுனானுங்க. அவனுங்க கேக்கக் கேக்க இவரு அதையேதாம்மா சொன்னாரு. பிரிஸ்பேனு பிரிஸ்பேனுன்னு. நெசத்தத்தான் சொன்னாரு. ஒருத்தன்கூட நம்பல."

மேரியன் சொல்லிவிட்டாள். சொல்லவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்தவள் இல்லை. அந்தக் கை அவள் கையைப் பிடித்திருந்தது. அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆடியவன் என் தம்பி, அவர்கள் தேடுவது அவனைத்தான் என்றாள். அவன் பெயர் தெரியக்கூடாது என்று நான்தான் வினய் பெயரை விட்டு வைத்தேன் என்றாள். ஊர் பெயர் இருந்ததை நினைக்கவில்லை அம்மா என்றாள்.

பக்கத்தில் இருந்த பெண்களுக்குத் தமிழ் புரியவில்லை. அழுகிறாள் என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். கோவிந்தம்மா தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். திட்டவில்லை. தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஒந் தம்பிக்கு அவனுங்க பேரு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"எனக்கு மூஞ்சி தெரியும். பேரு தெரியாது. போலீசு, பேரில்லாம நாங்க என்ன பண்றதுங்கறான். நான் பாத்தேன்னு சொல்றேன், அவன் இன்னார்னு சொல்லட்டும். ரெண்டும் சேந்தா போதும்." அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வரச் சொல்லும்மா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. டேப்பும் வேணாம்."

வாசலில் வினய் நின்றிருந்தான். அவனுக்குத் தமிழ் பாதிதான் தெரியும். அந்தப் பாதியே போதுமாக இருந்தது. பஸ் நிறுத்தம் வரை அவளோடு நடந்தான். பஸ் வந்ததும் ஹிந்தியில் ஒரே வார்த்தை சொன்னான்: கூட்டிக்கொண்டு வா.

ஃப்ளாட்டில் வெஸ்லி தரையில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்லத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மொதல்ல ஒருதரம் சொன்னேன்" என்றான். "என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியும்."

"இப்ப ஒரு உசுரு போயிருக்கு வெஸ்லி."

"நான் கொல்லல. நீயும் கொல்லல."

"பின்ன யாரு?"

"அவனுங்கதான்."

"அவனுங்க யாருன்னுதான் அந்தம்மா கேக்குது."

பூட்ஸைக் கீழே வைத்தான். "சொல்றேன் அக்கா. போயி சொல்றேன். போலீசு எழுதிக்கும். அன்னிக்கே அவனுங்களுக்கும் தெரிஞ்சிரும். அப்புறம் என்ன இந்த ஃப்ளாட்டுலயா வச்சிருப்ப? அந்தம்மா வீட்டுலயா? கேஸு நடக்குமா, எப்ப நடக்கும், நடக்கறப்ப நான் இருப்பேனா? சொல்லு."

அவள் எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"டேப்ல எம் பேரப் போட்டா நான் போயிருவேன். போடலைன்னா இங்கதான் இருப்பேன். இருந்தா, நீ கூப்புட்ற எடத்துக்கு வந்துதானே ஆகணும்? ஒன் இஷ்டம்" என்றான். பூட்ஸை மறுபடி எடுத்துக்கொண்டான். ஆனால் துடைக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவள் எடிட்டிங் அறைப் பக்கம் போகவில்லை. வெறும் டேப் அலமாரியில் இருந்தது. வினய் தினமும் நிலையத்துக்கு ஃபோன் செய்தான். தம்பிக்குக் காய்ச்சல் என்றாள் ஒருநாள். யோசிக்கிறான் என்றாள் ஒருநாள். திரும்பிப் போகிற டிக்கெட்டை வினய் தள்ளிப்போட்டான். கோழி கம்பெனியில் அவன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னான்.

பிறகு ஒரு காலையில் சந்தைக்குப் போன இடத்தில், மேலாற்றுப் பக்கத்துப் பெண் ஒருத்தி மரவள்ளிக் குவியலுக்குப் பின்னாலிருந்து அவளை ஹிந்தியில் கூப்பிட்டாள். "அவனுங்க இன்னும் தேடறானுங்க பெஹன். நகாசியில இருந்தது வேற ஆளுன்னு தெரிஞ்சு போச்சு. டிவியில அந்தப் பேரப் போட்டது யாருன்னு கேக்கறானுங்க." அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மரவள்ளியை நிறுக்கத் திரும்பிக்கொண்டாள்.

மேரியன் ஒன்றும் வாங்காமல் நேரே நிலையத்துக்குப் போனாள். டேப்பை எடுத்து மெஷினில் போட்டாள். முதல் கோல். வெஸ்லியின் முகம் பட்டை இல்லாமல், வெறுமையாக வந்தது. நிறுத்தி, அவன் பெயரை அடித்தாள். இரண்டாவது வரியில் கர்ஸர் போய் நின்றது. அங்கே எதுவும் அடிக்கவில்லை. இரண்டாவது கோலுக்கும் அப்படியே செய்தாள். லியனார்ட் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். திரையில் இருந்த முகத்தையும் பெயரையும் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"தபால் ஆபீஸ் மூடப் போகுது, சீக்கிரம் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

டேப் கைக்கு வந்த அன்றே கிளப்காரர் அதைப் பார்த்து ஃபோன் செய்தார். விசாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது வருகிறவரை வெஸ்லி ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை. நந்தி விமான நிலையத்துக்கு பஸ்ஸில் போனால் வழியில் யாராவது பார்ப்பார்கள் என்று கேமராக்காரன் ஒருவன் அக்காளையும் தம்பியையும் தன் வேனில் கூட்டிப் போனான். சிகடோகாவில் வண்டியை நிறுத்தியபோதும் வெஸ்லி கீழே இறங்கவில்லை. விமான நிலைய வாசலில் அவன் அக்காளைக் கட்டிக்கொண்டு, "அந்தம்மாகிட்ட..." என்று தொடங்கினான். முடிக்காமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் வினய்யின் ஃபோன் வந்தது.

"இன்னிக்கு எப்படி இருக்கான்?"

பொய் ஒன்று அவளுக்கு வாய்வரை வந்தது. இத்தனை நாள் சொன்ன பொய்களே போதும் என்று தோன்றியது.

"அவன் வரமாட்டான் வினய். போயிட்டான்."

அந்தப் பக்கம் தூரத்தில் பாத்திரம் கழுவுகிற ஓசை கேட்டது. நகாசி வீட்டிலிருந்துதான் பேசுகிறான்.

"எங்க போனான்?"

அவள் சொல்லவில்லை.

"எந்த ஊரு அக்கா? எல்லா ஆளுக்கும் கீழ ஊரு போடறவதானே நீ. எங்கப்பாவுக்குக்கூடப் போட்டியே. ஒந் தம்பிக்குப் போடமாட்டியா?"

பாத்திர ஓசை நின்றது. யாரோ நடந்து வருகிற சத்தம். பிறகு கோவிந்தம்மாவின் குரல், ஃபோனுக்கு எட்டத்தில், தமிழில்:

"அந்தப் பொண்ணுதானே? எப்ப வர்றானாம்? கேளுடா."